உழிஞையும் நொச்சியும்: நடுநாட்டுக் கோட்டைகள் சொல்லும் வரலாறு

போருக்குப் பூவால் பெயரிட்ட மொழி தமிழ். ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி. பகைவன் அரணை முற்றுகையிடுதல் உழிஞை. எதிர்நின்று பொருதல் தும்பை. அரணை வளைத்தலையும் காத்தலையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரு திணைக்குள்ளேயே அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சி என்று தனித்திணை வகுத்தது. வெளியே நிற்பவன் வேறு, உள்ளே இருப்பவன் வேறு. இருவர் அச்சமும் வேறு வேறு என்பதை இலக்கணமே உணர்ந்துகொண்ட இடம் அது எனலாம்.

திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் அமைத்தார். நீரும் நிலமும் மலையும் நிழல் செறிந்த காடும் அரணுக்கு உறுப்புகள் என்றார். அகலமும் உயரமும் திண்மையும் பேசிய பின், அதிகாரத்தை முடிக்கும்போது, செயல்திறம் உடையார் உள்ளே இல்லையேல் எத்துணைச் சிறந்த அரணும் ஒன்றுமில்லாததே என்றும் சொல்லி வைத்தார். கோட்டைகளைக் காணச் செல்வோர் கையில் கொண்டு செல்லத்தக்க அளவுகோல் இதனினும் சிறந்தது வேறில்லை.

உளுந்தூர்பேட்டையை நடுவாகக் கொண்டு நோக்கினால், தொண்டை நாட்டிற்கும் சோழ நாட்டிற்கும் இடைப்பட்ட இந்நடுநாடு கோட்டைகள் நிறைந்த நிலம் என்பது விளங்கும். வடக்கிலிருந்து தெற்கே செல்லும் படையும் மேற்கு மலைகளிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படையும் இவ்வழியே நடந்தன. வழி உள்ள இடத்தில் காவல் வேண்டும். காவல் உள்ள இடத்தில் மதில் எழும். சேந்தமங்கலம், எலவானாசூர், தியாகதுருகம், செஞ்சி என்னும் நான்கும் அவ்வாறு எழுந்தவையே. இவற்றுள் செஞ்சியை உலகம் அறியும். ஏனைய மூன்றினை அவ்வவ்வூரார் அறிந்திருந்தாலே பெரிது.

சேந்தமங்கலம்: ஓர் ஆறு, இரு கல்வெட்டுகள்

கெடிலத்தின் கரையில், சுந்தரர் பிறந்த திருநாவலூருக்கு அண்மையில் உள்ளது சேந்தமங்கலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் இருந்து ஆண்ட நகரம் இது. இன்று அங்கே காணத்தக்கது ஆபத்சகாயேசுவரர் திருக்கோயில். கோயிலைச் சுற்றி எழுந்த மதில், கோயிலும் அரணும் ஒன்றாயிருந்த காலத்தை நினைவூட்டுவது. தட்டினால் இசை எழுப்பும் கற்குதிரைகள் அங்குண்டு. போருக்குரிய விலங்கைக் கல்லில் வடித்து, அக்கல்லுக்குள் பண்ணை வைத்த சிற்பி எவன் என்று தெரியவில்லை. அவனை ஆண்டவனைப் பற்றி மட்டும் நிறையத் தெரிகிறது.

கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயரில் ஆண்டவர் ஒருவரா, தந்தையும் மகனுமாகிய இருவரா என்பதில் ஆய்வாளரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அழகிய சீயன், அவனியாளப் பிறந்தான், சாகித்திய ரத்நாகரன் என்று விருதுகள் பல. தில்லைக் கோபுரத் திருப்பணியிலும் இக்குலத்தின் கை உண்டு. கலை நயந்த இக்குலமே சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனைத் தெள்ளாற்றில் வென்று சிறையிலிட்டது. தன் மேலரசனைச் சிற்றரசன் ஒருவன் சிறைவைத்த செய்தி தமிழக வரலாற்றில் அரிதினும் அரிது.

இந்நிகழ்ச்சியை இரு கல்வெட்டுகள் இருவகையாகச் சொல்கின்றன. வயலூர்க் கல்வெட்டு வென்றவன் பக்கம் நின்று பேசுவது. அது செய்யுளால் அமைந்தது. அதில் அரசர் உளர், வெற்றி உளது, ஆணை உளது. திருவயிந்திபுரக் கல்வெட்டு, சோழனை மீட்கப் போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய படைத்தலைவர்கள் அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் ஆகியோரின் செயலைச் சொல்வது. 1231ஆம் ஆண்டினை ஒட்டிய அப்படையெடுப்பை அது உரைநடையில், ஏறத்தாழ ஒரு கணக்கர் பட்டியலிடுவது போல விரிக்கிறது. எந்தெந்த ஊர் அழிக்கப்பட்டது, எவரெவர் கொல்லப்பட்டனர் என்று வரிசைப்படுத்துகிறது. சேந்தமங்கலத்திற்குக் கிழக்கே கடல்வரை ஊர்களும் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டதையும், பெண்டிர் பிடிக்கப்பட்டதையும் அது மறைக்கவில்லை. படை சேந்தமங்கலத்தை நெருங்கி முற்றுகைக்கு முனைந்தபோது, சோழனை விடுவிக்கக் கோப்பெருஞ்சிங்கன் இசைந்தான்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பது கவிஞர்க்குப் பயன் தரும். செய்யுள் அரசனைப் பாடியது; எரிந்த ஊரைப் பாடவில்லை. உரைநடையும் இரங்கி எழுதவில்லை. தம் வீரத்திற்குச் சான்றாகவே அழிவை எழுதியது. எனினும் எழுதிவிட்டது. கெடிலக் கரையில் வீடிழந்த மக்களைப் பற்றி எஞ்சியிருக்கும் சொற்களுள், வீட்டை எரித்தவர் தம் பெருமைக்காகப் பொறித்த சொற்களே முதன்மையானவை. சேந்தமங்கலத்தின் மதிலை வியந்து நோக்குவோர், அம்மதிலுக்கு வெளியே இருந்தவரை நினையாமல் திரும்பலாகாது. அரணுக்குள் இருந்த அரசன் பிழைத்தான். அரண் இல்லாத ஊர்களே எரிந்தன.

எலவானாசூரும் தியாகதுருகமும்

உளுந்தூர்பேட்டை வட்டத்து எலவானாசூர்க்கோட்டை தன் பெயரிலேயே கோட்டையைச் சுமந்து நிற்பது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் இறையானரையூர் எனப்படுகிறது. கிராம அர்த்தநாரீசுவரர் கோயில் இதன் பழமைக்குச் சான்று. மேற்கே சேலம் செல்லும் பெருவழியில், கள்ளக்குறிச்சிக்கு அண்மையில் தியாகதுருகம். 'துர்க்கம்' என்னும் வடசொல் மக்கள் நாவில் 'துருகம்' ஆயிற்று. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் வழியைக் கண்காணிக்க ஏற்ற குன்று அது. கல்வராயன் மலைத்தொடரைப் பின்னணியாகக் கொண்டு பார்த்தால், அக்குன்றின் மீது ஏன் ஒரு கோட்டை எழுந்தது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ்நிலத்தில் பொருத கருநாடகப் போர்களில் இவ்விரு கோட்டைகளும் சதுரங்கக் காய்களாயின. 1760இல் ஆங்கிலேயரின் நெருக்குதலுக்கு ஆளான பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரின் ஐதர் அலியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். படையும் உணவுப்பொருளும் மாடுகளும் ஐதர் தரவேண்டும். அதற்கு ஈடாகத் தியாகதுருகமும் எலவானாசூரும் அவருக்குரியனவாகும். நெல் விளைவிக்கும் ஊர்கள் நெல்லுக்காகவே கைமாறின. அவ்வூர்களில் உழுதவர் எவரையும் எவரும் கேட்கவில்லை. உதவி நீடிக்கவில்லை. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதன்பின் தியாகதுருகமும், ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின.

பின்னர் 1790இல், திப்பு சுல்தானின் படை தியாகதுருகத்தைத் தாக்கியது. அப்போது கோட்டையைக் காத்தவர் காப்டன் பிளிண்ட். 1780களின் தொடக்கத்தில் வந்தவாசிக் கோட்டையை ஐதரின் முற்றுகையிலிருந்து காத்துப் பெயர் பெற்றவர் அவரே. தியாகதுருகத்திலும் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. நொச்சி சூடியவன் வென்ற போர் இது. ஆயினும் அவன் இம்மண்ணின் மொழி அறியாதவன். உழிஞை சூடி வந்தவனோ மற்றொரு நாட்டு மன்னன். உள்ளூர் மக்களுக்கு இவ்விரு பூவில் எது உரியது என்னும் வினாவுக்குப் புறப்பொருள் இலக்கணத்தில் விடையில்லை.

தியாகதுருகத்தைப் பற்றி ஆங்கிலேயப் போர் வரலாறுகளில் பக்கங்கள் உள. தமிழில் அதனைப் பாடிய புகழ்பெற்ற கதைப்பாடல் ஒன்றுமில்லை. இக்குறையின் பொருள் செஞ்சியைக் கண்டபின்னரே முழுதும் விளங்கும்.

செஞ்சி: மூன்று குன்றுகள்

விழுப்புரம் கடந்து திருவண்ணாமலைச் சாலையை எட்டினால், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற குன்றுகள் எதிர்ப்படும். வடக்கே கிருட்டிணகிரி, மேற்கே இராசகிரி, தெற்கே சந்திரகிரி. இம்மூன்றினையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஏறத்தாழ 60 அடி அகலமும், வெளியே 80 அடி அகல அகழியும் கொண்ட பகுதிகள் உள. இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னே ஓர் இயற்கைப் பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்பவரை அணுக வழியில்லை. மனிதன் கட்டியது பாதி, இயற்கை கட்டியது பாதி. மலையரண், நிலவரண், நீரரண், காட்டரண் என்று வள்ளுவர் எண்ணிய நான்கும் ஓரிடத்தில் கூடியதற்குத் தமிழகத்தில் இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கி.பி. 1200ஐ ஒட்டி ஆனந்தக்கோன் என்னும் இடையர் குலத் தலைவன் முதற்கோட்டையைக் கட்டினான் என்றும், கிருட்டிணக்கோன் அடுத்த குன்றுக்கு அரண் செய்தான் என்றும் மரபுவழிச் செய்தி கூறும். ஆடு மேய்த்தவர் அரண் கண்டனர் என்னும் இச்செய்தி, குன்றுகளின் ஒவ்வொரு மடிப்பையும் முதலில் அறிந்தவர் யார் என்று எண்ணினால் பொருத்தமாகவே தோன்றும். விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர் ஆட்சியில் செஞ்சி பெருநகராயிற்று. கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், வேங்கடரமணர் கோயில் முதலியன அந்நகரின் எச்சங்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கிருட்டிணப்ப நாயக்கரைக் காண வந்த இயேசு சபைத் துறவி பிமெந்தா, லிசுபன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்நகரினும் செஞ்சி பெரியது என்ற கருத்துப்பட எழுதினார்.

எட்டாண்டும் ஓர் இரவும்

1649ஐ ஒட்டிச் செஞ்சி பீசப்பூர் சுல்தான்கள் கைக்குச் சென்றது. 1677இல் சிவாசி அதனைக் கைப்பற்றி மதில்களைப் புதுக்கி வலுப்படுத்தினார். அம்முன்னறிவு அவர் மகனுக்குப் பயன்பட்டது. மராட்டிய நாடு முகலாயரிடம் சிதைந்தபோது, 1689இல் இராசாராம் தப்பி வந்து செஞ்சியில் அரசு நடத்தினார். தொலைவில் இருந்த மராட்டியர்க்குத் தமிழ்நிலத்து மலைக்கோட்டை ஒன்று தலைநகராயிற்று. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. இடையில் முகலாய இளவரசன் காம்பட்சே, பகைவரோடு பேசினான் என்னும் ஐயத்தால் தம்மவராலேயே சிறைப்பட்டான். கோட்டை வீழுமுன் இராசாராம் தப்பிச் சென்றார். எட்டாண்டு வளைத்துப் பிடித்த கூட்டுக்குள் பறவை இல்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது 1750 செப்டம்பர் நிகழ்ச்சி. பிரெஞ்சுத் தளபதி புசி வந்தார். அதே மலை, அதே மதில், அதே பிளவு. ஒரு நாள் பொழுதுக்குள், இரவுத் தாக்குதலில் கோட்டை வீழ்ந்தது. எட்டாண்டு நின்ற கல் ஓர் இரவில் இளகவில்லை. உள்ளிருந்தோர் நெஞ்சே இளகியது. வள்ளுவர் அதிகாரத்தின் இறுதியில் சொன்னதற்குச் செஞ்சி எழுதிய உரை இதுவே.

தேசிங்கு: ஆவணமும் கதைப்பாடலும்

இத்தனை பேரரசுகள் ஆண்டும், செஞ்சி என்றவுடன் தமிழர் நாவில் எழும் பெயர் நாயக்கருடையதும் அன்று, சிவாசியுடையதும் அன்று. சில மாதங்களே ஆண்ட ஓர் இளைஞன் பெயர் அது. முகலாயரிடம் கோட்டைப் பொறுப்புப் பெற்ற புந்தேலகண்டத்து சுவரூப் சிங்கின் மகன் தேச் சிங், தமிழில் தேசிங்கு ஆனான். தந்தை இறந்தபின் 1714இல் பொறுப்பேற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் மேலாண்மையை ஏற்கவும் திறை செலுத்தவும் மறுத்தான். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் போரில் மாண்டான். வயது ஏறத்தாழ 22. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி.

ஆவணங்கள் நோக்கில் இது திறைப் பாக்கியில் எழுந்த பூசல். மக்கள் நோக்கில் அவ்வாறன்று. தேசிங்குராசன் கதைப்பாடல் இதனை நட்பின் காப்பியமாக்கியது. திருமணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் செல்லும் மகமத்கான் அதில் நாயகனுக்கு இணையான நாயகன். இராசபுத்திரன் ஒருவனையும் இசுலாமியன் ஒருவனையும் தம்மவராக ஏற்றுத் தமிழ்ப் பாணரும் கூத்தரும் பாடினர். இருவர் மொழியும் தமிழன்று. பாடியவர்க்கு அது தடையாகவும் இல்லை. 1960இல் திரைப்படமாகவும் அக்கதை வந்தது. தோற்றவனையே மக்கள் பாடினர் என்பதும், வென்ற நவாபைப் பாடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கன.

ஆயினும் கதைப்பாடலையும் கேள்வியின்றி ஏற்பதற்கில்லை. உடன்கட்டை ஏறிய இளம்பெண்ணின் முடிவைக் கற்பின் பெருமையாகப் போற்றும் குரல் அம்மரபில் கலந்துள்ளது. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஆவணமும் இல்லை, பாடலும் இல்லை. திருவயிந்திபுரக் கல்வெட்டின் பெயரற்ற பெண்டிர் வரிசையில், பெயர் இருந்தும் குரலற்றவளாக அவளும் நிற்கிறாள்.

நீரே பூங்கா

ஐரோப்பியக் கோட்டைகளைக் காணச் செல்வோர் அவற்றைச் சூழ்ந்த பூங்காக்களையே முதலில் வியப்பர். நம் கோட்டைகளில் அத்தகைய பூங்காவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தேடவேண்டியது நீரை. செஞ்சியின் அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் உள. பாறையில் பெய்த மழை வீணாகாது தேங்க, குன்றின் மேலும் சுனைகளும் தொட்டிகளும் அமைத்தனர். நடுமுற்றத்தைச் சுற்றி அறைகளும், அவற்றினின்று எழும் பல அடுக்குக் கோபுரமும் கொண்ட கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களால் நீர் ஏற்றினர். முற்றுகைக்காலத்தில் உயிர் காக்கும் நீரே அமைதிக்காலத்தில் கண்ணுக்கு இனிமையும் ஆயிற்று. செட்டிக்குளக் கரையில்தான் தேசிங்கின் ஈமம் எரிந்தது என்பர். இன்று தொல்லியல் துறை வளர்த்த புல்வெளியில் குழந்தைகள் விளையாடுகின்றனர்.

அழகு எல்லாம் இங்கேயே தங்கவும் இல்லை. செஞ்சியினின்று பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்ற கோயில் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில், காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கின்றன. அலை ஓசை கேட்டு அங்கே மாலைப்பொழுதைக் கழிப்போர், அத்தூண்களின் பிறந்தகம் செஞ்சி என்று எண்ணிப் பார்ப்பது அரிது.

நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு பாடம்

செஞ்சியை முகலாயர் வளைத்திருந்த அதே ஆண்டுகளில், செருமனியின் நெக்கர் ஆற்றங்கரையில் ஐடல்பர்க்குக் கோட்டை அழிந்துகொண்டிருந்தது. 1689இலும் 1693இலும் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படை அதனைத் தகர்த்தது. அக்கோட்டைக்கு ஒரு புகழ்பெற்ற பூங்கா இருந்தது. சாலமோன் தெ கௌசு என்னும் கலைஞர் 1616ஆம் ஆண்டளவில் மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி, நீரூற்றுகளோடு அதனை அமைக்கத் தொடங்கினார். முப்பதாண்டுப் போர் குறுக்கிட்டு, பணி முற்றுப்பெறவே இல்லை. 1764இல் இடிவிழுந்து கோட்டையின் எஞ்சிய பகுதியும் எரிந்தது. ஊரார் கற்களைப் பெயர்த்துச் சென்று வீடு கட்டலாயினர்.

அக்கல்லைக் காத்தவை ஓவியமும் பாட்டும். 1810இல் அங்கு வந்த பிரெஞ்சுக்காரர் கிரெம்பர்க்கு, இடிபாடுகளை வரைந்து பரப்பி, கல் பெயர்ப்பதை எதிர்த்துப் போராடினார். தன் நாட்டார் இடித்ததைத் தான் காக்க முனைந்தார். கவிஞர் பலர் அவ்விடிபாட்டைப் பாடினர். கேத்தேயும் மரியானே என்னும் நங்கையும் 1815இல் அங்கே சந்தித்தனர். கேத்தேயின் கீழை-மேலைக் கவிதைத் தொகுதியில் உள்ள சில பாடல்கள் உண்மையில் மரியானே இயற்றியவை என்பது இருவரும் மறைந்த பின்னரே உலகுக்குத் தெரிந்தது. பின்னாளில் கோட்டையை முழுதும் புதிதாய்க் கட்டுவதா என்ற வழக்கு எழுந்தபோது, 1901இல் கலை வரலாற்றறிஞர் தேகியோ, இருப்பதைக் காப்பதே கடன், இல்லாததைக் கட்டுவது பொய் என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஐடல்பர்க்கு இன்றும் பெரும்பகுதி இடிபாடாகவே காக்கப்படுகிறது.

இதனின்று நடுநாட்டார் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. பாடப்பட்ட கல் காக்கப்படுகிறது. பாடப்படாத கல் அடுத்த வீட்டின் அடித்தளமாகிறது.

நிறைவாக

2025 சூலையில் பாரிசில் கூடிய யுனெசுகோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை; பன்னிரண்டாவது செஞ்சி. மகிழத்தக்க செய்தி இது. அதேவேளை, சற்றே எண்ணத்தக்கதும்கூட. ஆனந்தக்கோனின் குன்று, நாயக்கரின் நகரம், தேசிங்கின் களம் ஆகிய செஞ்சி, அதன் நெடிய வாழ்வில் சிறு பகுதியே ஆன மராட்டியர் காலத்தின் பெயரால் உலகரங்கு ஏறியுள்ளது. எந்தக் காலத்தைப் பற்றி ஆவணமும் ஆய்வும் ஒழுங்குபட அமைகின்றனவோ அக்காலமே பெயர் சூடும். இதில் குறை கூற இடமில்லை, கற்றுக்கொள்ள இடமுண்டு.

செஞ்சிக்கு ஒரு கதைப்பாடல் இருந்தது. 1943இல் சீனிவாசாச்சாரியார் எழுதிய விரிவான வரலாற்று நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சேந்தமங்கலத்திற்குக் கல்வெட்டுகளும் அவற்றை ஆய்ந்த அறிஞர்களும் வாய்த்தனர், பாடல் வாய்க்கவில்லை. எலவானாசூர்க்கும் தியாகதுருகத்திற்கும் தமிழில் வாய்த்தது மிகக் குறைவு. அவ்வூர்களில் முதியோர் சொல்லும் இடப்பெயர்களும், ஏரி மதகின் பெயரும், குன்றடிப் பாறைக்கு வழங்கும் பெயரும் எழுத்தில் ஏறாமல் ஒவ்வொரு முதியவரோடும் மறைந்து வருகின்றன.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றிற்கு, அடுத்த பத்தாண்டுக்குரிய பணி கண்முன்னே உள்ளது. திங்கள்தோறும் ஓர் ஊர். ஊருக்கு ஒரு கவிஞர், ஒரு குறிப்பேடு. அரசன் பெயர் கல்லில் இருக்கிறது. அதனை மீண்டும் எழுத வேண்டியதில்லை. எரிந்த குடியிருப்பில் இருந்தவள், நெல்லுக்கு விலையாகக் கைமாறிய ஊரில் உழுதவன், கற்குதிரைக்குள் இசை வைத்தவன் ஆகியோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நொச்சி, தன் ஊரைக் காக்க உள்ளிருப்பவர் சூடும் பூ. நடுநாட்டுக் கவிஞர்க்கு உரியது அதுவே.